அளவு தெரியாத இலை

புகையிலைத் தோட்டம் செய்த எமது தீவக மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரே நாற்றை இரண்டு தோட்டங்களில் நட்டாலும் இலையின் காரம் ஒன்றாக இராது. மண், கிணற்றுநீர், எரு, உணத்தும் விதம் எல்லாம் அதை மாற்றிவிடும். கஞ்சா இலையும் அப்படியே.

"கஞ்சாவும் மருந்துதானே" என்று சில இளைஞர் கேட்கின்றனர். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைக் கடல்களில் கேரளக் கஞ்சாப் பொதிகள் பிடிபடும் இக்காலத்தில் இக்கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

ஆம், மருந்துதான். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் எமது நாட்டு வைத்தியர்கள் சில மருந்துகளில் அதைச் சேர்க்கின்றனர். ஆனால் அதற்கெனக் கிடைத்தது வழக்குகளில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவே. வழக்கு முடிந்து கைக்கு வரும்போது நாலைந்து வருடங்கள் கடந்து, அதன் வீரியம் குறைந்துவிடுகிறது என்பதே முறைப்பாடு. இதனால் 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசே பயிரிடும் திட்டத்தை அறிவித்தார். வீரியம் தெரியாத சரக்கில் வைத்தியர் எப்படி அளவு சொல்வார்?

ஒரே அளவுக்கு எத்தனை பாடு

கஞ்சாவில் மயக்கம் தரும் சத்தை 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் மெக்கோலமும் காவோனியும் பிரித்தெடுத்தனர். அதன் பெயர் டி.எச்.சி. அதை அளக்க முடிந்த பின்னரே ஒழுங்கான ஆய்வு சாத்தியமாயிற்று. 1968 முதல் அமெரிக்க அரசுக்காக மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் கஞ்சா பயிரிட்டது. காம்பும் விதையும் நீக்கி, சத்தின் வீதத்தைச் சோதித்து, காரமானதையும் மென்மையானதையும் கலந்து குறித்த வீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் வட கரோலினாவில் இயந்திரத்தால் ஒரே நிறையுள்ள சிகரெட்டுகளாகச் சுற்றினார்கள். ஒன்று ஒரு கிராமுக்கும் குறைவு. சத்துக் கெடாதிருக்கக் குளிரில் உறையவைத்துக் காத்தார்கள். 1976 முதல் கண் அழுத்த நோயாளியான ரொபர்ட் ரண்டால் போன்ற மிகச் சிலருக்கு வைத்தியர் மேற்பார்வையில் அவை வழங்கப்பட்டன.

இத்தனை செய்தும் அளவு சரிவரவில்லை. ஒருவர் ஆழமாக இழுப்பார், மற்றவர் மேலோட்டமாக இழுப்பார். உடலுக்குள் போகும் அளவு வேறுபடும். புகையோ நெஞ்சுக்குக் கேடு. எனவே பின்னர் வாயில் தெளிக்கும் மருந்து ஒன்றைச் செய்தனர். அதில் ஒரு தெளிப்புக்கு 2.7 மில்லிகிராம் டி.எச்.சி. என்று கணக்கு உண்டு.

நாம் சொல்வது

கடலால் வரும் பொதியில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது, எதனுடன் கலந்தது என்பது விற்பவனுக்கே தெரியாது. நேற்று ஒன்றும் செய்யாத பீடி இன்று பிள்ளையின் மனத்தைக் குழப்பிவிடலாம்.

இடம்பெயர்ந்து, காணியும் தொழிலும் இழந்து நிற்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் "இப்பொதியை ஓர் இரவு வைத்திரு" என்று காசு நீட்டுவோர் உண்டு. பிடிபட்டால் மறியலுக்குப் போவது பிள்ளைதான், பொதிக்காரன் அல்ல.

பெற்றோரே, பிள்ளைகளை வெறுமனே ஏசாதீர்கள். மருந்தென்றால் அளவு இருக்கும், அளவுக்குப் பொறுப்பான ஒருவர் இருப்பார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.