புகைக்குழாயும் குதிரைத்திறனும்

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டலுபேட்டை அமைந்துள்ளது. முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 1997-ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கும். இங்குப் பிரியும் சாலைகளுள் ஒன்று வயநாட்டிற்கும், மற்றொன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் வழியாக உதகமண்டலத்திற்கும் செல்கின்றன. மலையேறச் செல்லும் விரைவுக் கார்கள் பலவற்றில், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வெளியேற்றுக் குழாய்கள் நீக்கப்பட்டு வேறு குழாய்கள் பூட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பட்டறைகளில் ‘ஹெட்டர்’ என்றும் ‘பெண்டு பைப்’ என்றும் வழங்கும் இக்குழாய்கள் இயந்திரத்தின் குதிரைத்திறனைப் பெரிதும் உயர்த்துவன என்பது பலரின் நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வோம்.

எரிந்த வாயு வெளியேறினால்தான் புதிய காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் புக இடமுண்டாகும். ஆனால் பிஸ்டன் மேல் எல்லையை அடைந்த பின்னும் அதற்கு மேலே சிறிதளவு வெற்றிடம் எஞ்சும். அழுத்த விகிதம் பத்தாக உள்ள இயந்திரத்தில் இது சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காகும். இவ்விடத்தில் தங்கும் எரிந்த வாயுவைப் பிஸ்டனால் வெளியே தள்ள இயலாது. அதனை வெளியேற்றத் துணை செய்வதே நன்கு அமைந்த புகைக்குழாயின் பணி.

வெளியேற்று வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். இதனால் எழும் அழுத்த அலை குழாயின் வழியே விரைந்து செல்கிறது. குழாய் திறந்து விரியும் முனையை அடைந்ததும் அது குறையழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. வெளியேற்று வால்வு மூடுவதற்கும் உள்ளிழுப்பு வால்வு திறப்பதற்கும் இடையே, இரண்டும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும். குறையழுத்த அலை அத்தருணத்தில் வால்வை வந்தடையுமானால், எஞ்சிய வாயுவை உறிஞ்சி வெளியேற்றும். புதிய கலவையையும் உள்ளே இழுக்கும். மாறாக, மிகையழுத்த அலை அப்போது வந்து சேருமானால், எரிந்த வாயு திரும்பவும் உள்ளே புகும்.

ஆகவே அலை வந்து சேரும் காலமே இங்கு முதன்மையானது. சாதாரணக் காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள புகையில் அது ஏறத்தாழ 550 மீட்டர் செல்லும். குழாயின் நீளம் 80 சென்டிமீட்டர் எனக் கொண்டால், அலை சென்று திரும்ப ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு நேரம் ஆகும். இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும்போது, அந்நேரத்தில் கிராங்க் தண்டு 52 டிகிரி திரும்பும். 6,000 சுற்றுச் சுழலும்போது 105 டிகிரி திரும்பும். அலையின் நேரம் மாறவில்லை. இயந்திரத்தின் நேரம் மாறிவிட்டது. எனவே ஒரு வேகத்திற்குப் பொருந்திய நீளம் மற்றொரு வேகத்திற்குப் பொருந்தாது. உயர்ந்த வேகத்தில் திறனைக் கூட்டும் குழாய் தாழ்ந்த வேகத்தில் அதனைக் குறைப்பதும் உண்டு.

நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் மற்றொரு தேவையும் எழுகிறது. குட்டையான வார்ப்புக் குழாயில் ஒரு சிலிண்டரின் அழுத்த அலை அண்டையிலுள்ள சிலிண்டரின் வாயிலுக்குள் நுழையக்கூடும். சம நீளமுள்ள தனித்தனிக் குழாய்கள் சற்றுத் தொலைவில் சென்று ஒன்றுசேர்ந்தால் இவ்விடையூறு குறைகிறது. ஹெட்டரின் பயன் இதுவே.

குழாய் இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்பதை இரண்டு வீச்சு இயந்திரங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் 250 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிளில் சிலிண்டர் ஒன்று, புகைக்குழாய்களோ இரண்டு. இவ்வகை இயந்திரத்தில் புதிய கலவையின் ஒரு பகுதி புகையுடன் வெளியே ஓட முயலும். குழாயிலிருந்து திரும்பும் அழுத்த அலை அதனை உள்ளே தள்ளி நிறுத்துகிறது. கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இத்தத்துவத்தைச் செம்மைப்படுத்தியதன் பயனாக, 1961-இல் வெறும் 125 கன சென்டிமீட்டர் இயந்திரம் 25 குதிரைத்திறன் தந்தது. சைலன்சரின் உள்ளடக்கத்தைப் பிடுங்கி எறிவதால் இத்தகைய பயன் விளையாது. ஒலி மட்டுமே பெருகும், திறன் குறையவுங்கூடும்.

இக்காலக் கார்களில் தொழிற்சாலைக் குழாயே பெரும்பாலும் கணக்கிட்டு அமைக்கப்பட்டதாகும். ஆதலால் வேறு மாற்றமின்றி ஹெட்டரை மட்டும் பூட்டுவதால் கிடைப்பது பொதுவாகச் சில விழுக்காடே. இதனைக் குண்டலுபேட்டைச் சாலையோடு ஒப்பிட்டு நோக்கலாம். இவ்வூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத இயந்திரம் உதகையை அடைவதற்குள் தன் திறனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழக்கிறது. ஹெட்டர் தரக்கூடியதைவிட மலை எடுத்துக்கொள்வது மிகுதி. எனவே, ஓரிடத்தில் பழைய குழாயுடனும் வேறிடத்தில் புதிய குழாயுடனும் ஓட்டிப் பார்த்து முடிவு கூறுவது பிழையாகும். ஒரே இடத்தில், ஒத்த வெப்பநிலையில், டைனமோமீட்டர் கொண்டு அளந்த அளவே நம்பத்தக்கது. செவிக்கு எட்டும் முழக்கம் அளவுகோல் ஆகாது.

நட்டத்தையும் கருத வேண்டும். பல கார்களில் புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிக் கலம் வெளியேற்றுக் குழாயுடனே இணைந்துள்ளது. ஹெட்டருக்காக அதனை நீக்கினால் கார்பன் மோனாக்சைடு முதலியன தடையின்றி வெளிவரும். ஒலி, காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றமாகும். பந்திப்பூர் வழியே செல்லும் முழக்கம் சாலையோடு நின்றுவிடுவதில்லை. காட்டிலுள்ள விலங்குகளையும் கலைக்கும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை ஒரு கயிற்றைக் கொண்டு விளக்கலாம். நீண்ட கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை மேல்நோக்கி ஒருமுறை உதற வேண்டும். மேடாகச் செல்லும் அலை பள்ளமாகத் திரும்பும். குழாயின் திறந்த முனையில் மிகையழுத்தம் குறையழுத்தமாக மாறுவதும் இதனை ஒத்ததே. பின்னர் கையை மெதுவாகவும் விரைவாகவும் அசைக்கச் செய்து, திரும்பும் அலை கையின் அசைவுக்கு எப்போது துணையாகிறது, எப்போது எதிராகிறது என்று மாணவர்களைக் கவனிக்கச் சொல்லலாம். களப்பணியாளர்களும், குழாய் மாற்ற எண்ணுவோரிடம், எந்தச் சுழற்சி வேகத்தில், எத்தனை குதிரைத்திறன், எவ்வாறு அளக்கப்பட்டது என்ற மூன்று வினாக்களை விற்பவரிடம் கேட்குமாறு கூறலாம். விடை கிடைக்காவிடின் அச்செலவைத் தவிர்ப்பதே நன்று.