பிள்ளைகளின் கையில் மண் படட்டும்

"மண்ணைத் தொடாதே, அழுக்கு!" இந்தச் சொல்லை நம் பிள்ளைகள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? நானும் என் மகனிடம் சொன்னவன்தான். தோட்டப்புறத்தில் வாழ்ந்த அவன் தாத்தா, ஒரு பிடி மண்ணைப் பிசைந்து பார்த்தே அதில் என்ன நடலாம் என்று சொல்லிவிடுவார். பேரனோ மணல், வண்டல், களிமண் என்று மனனம் செய்து தேர்வில் எழுதுகிறான். வாசலில் கிடப்பது எந்த மண் என்று கேட்டால் விழிக்கிறான்.

ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித்தர ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூடியுள்ள ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்துவிடும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களிமண்ணோ மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அதன் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது என்பதே காரணம். இலைச் சருகுகள் மேலே மிதக்கும்.

இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விடையை முதலில் சொல்லிவிடக் கூடாது. "எது முதலில் படியும்?" என்று கேட்டு, மாணவர்களின் ஊகத்தை எழுத வையுங்கள். ஊகம் தவறினால் குறையில்லை. ஏன் தவறியது என்று யோசிக்கும்போதுதான் அறிவியல் தொடங்குகிறது.

அடுத்து, இரண்டு நெகிழிப் போத்தல்களைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை வெட்டிக் கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் மண், மற்றொன்றில் வேரோடு பெயர்த்த புல். இரண்டையும் வாய்ப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து சேற்று நீர் வடியும். புல் இருக்கும் போத்தலிலிருந்து தெளிந்த நீர் வரும். வேர் மண்ணைப் பிடித்து வைப்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்பார்கள்.

இது வெறும் விளையாட்டு அல்ல. 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலி நிலச்சரிவு 31 பேரைப் பலிகொண்டது. அவர்களில் பிள்ளைகளும் உண்டு. மலைச்சரிவு போத்தலைவிடப் பல மடங்கு சிக்கலானதுதான். ஆனாலும், நீர் மண்ணை என்ன செய்யும் என்பதைப் பத்து வயதில் கண்டவன், நாளை மலையோரத்தில் வீடு வாங்கும்போது நாலு கேள்வி கேட்பான்.

கையில் காயம் இருந்தால் கையுறை அணிவியுங்கள். கால்வாய் ஓரத்து மண் வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அழுக்குக்கு அது போதும்.

இந்த வாரக் கடைசியில் செய்து பாருங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்கள் கையிலும் ஒரு பிடி மண்ணைக் கொடுங்கள். போத்தல் சொல்லாத பாடத்தை அவர்கள் சொல்லுவார்கள்.