விதி என்று விட்டுவிடலாமா?

தமிழிலே "விதி" என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள. ஊழையும் விதி என்கிறோம். நூல்கள் வகுத்த நெறியையும் விதி என்கிறோம். முதலாவது விதியை எண்ணி இரண்டாவது விதியை மறந்தமையால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். அக்குடும்பம் வேறெவருடையதுமன்று, நம்முடையதே.

நமது சின்னம்மா ஒருவர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலே வாழ்பவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். தையல் இயந்திரம் ஒன்றையே துணையாகக் கொண்டு இரு பெண்மக்களை வளர்த்து ஆளாக்கியவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்காலை, கோயில் திருவிழாவுக்கென மோட்டார் வள்ளமொன்றில் அக்கரை சென்றார். வள்ளம் இறங்குதுறையை அணுகியது. கயிறு இன்னும் கட்டப்படவில்லை; இறங்குவதற்குரிய பலகையும் போடப்படவில்லை. "கெதியா இறங்குங்கோ, அடுத்த நடைக்குச் சனம் நிற்குது" என்று ஓட்டி அவசரப்படுத்தினார். சின்னம்மா துறையின் விளிம்பைக் கையாற் பற்றினார். அவ்வேளை ஓர் அலை வள்ளத்தைத் தள்ளிற்று. வள்ளத்துக்கும் சீமெந்துக் கட்டுக்கும் இடையே அவரது வலக்கை அகப்பட்டு நசிந்தது. அக்கையின் மூன்று விரல்கள் இன்றும் மடங்கா.

மூன்றாம் நாள் வள்ளத்தின் உரிமையாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார்; ஆறுதல் கூறினார்; சிறு தொகையொன்றையும் கொடுத்தார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். வலக்கை கட்டுண்டிருந்தமையால் சின்னம்மா இடக்கைப் பெருவிரலை அதிற் பதித்தார். நாம் அருகிலேயே நின்றோம். அத்தாளை வாங்கி ஒருமுறை படித்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. பின்னர், வழக்கொன்று தொடரலாமே என மெல்லச் சொன்னபோது சின்னம்மா மறுத்துவிட்டார். "அவர் நல்ல மனிசன், தம்பி. வழக்குப் பேசினால் ஊர் என்ன சொல்லும்? என்ரை விதி, ஆரை நோகிறது?" என்றார். நாமும் அத்துடன் அடங்கினோம். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை ஆண்டுதோறும் மாணாக்கருக்குக் கற்பிக்கும் நாம், நம் வீட்டு வழக்கிலே வாய்திறவாதிருந்தோம்.

தையல் நின்றது. வருவாய் நின்றது. இளைய மகளின் படிப்புச் செலவுக்காக நகை அடகுக்குப் போயிற்று. அதன் பின்னரே, நம்மிடம் கற்றுச் சட்டத்தரணியாகிய ஒருவரை நாடிச் சென்றோம். அவர் யாவற்றையும் பொறுமையுடன் கேட்டார், விபத்து நிகழ்ந்த திகதியை வினவினார், நாட்காட்டியைப் புரட்டினார். "சேர், மூன்று மாதம் பிந்தி வந்துவிட்டீர்கள்" என்றார்.

இலங்கையிலே 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழக்குகளுக்குரிய கால எல்லைகளை வகுத்துள்ளது. பிறரது தவற்றால் விளைந்த ஊறுக்கும் இழப்புக்கும் நட்டஈடு கோருவோர், வழக்குக்குரிய காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடல் வேண்டும். அதனைக் கடந்தபின், எதிராளி கால எல்லையை எடுத்துக்காட்டினால், எத்துணை நியாயமான வழக்கும் நில்லாது. சின்னம்மா ஊருக்கு அஞ்சியும் நாம் தயங்கியும் கழித்த நாட்களை எண்ணியவர் எவருமிலர். சட்டம் மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தது.

காலத்தோடு சென்றிருப்பின் நடந்திருக்கக்கூடியதையும் அவர் விளக்கினார். நம் நாட்டிலே இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படையாயிருப்பது ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-டச்சுச் சட்டமாகும். அதன் வேர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுந்த அக்குவிலியச் சட்டத்திற் கிடக்கின்றது. பண்டைய உரோமர், சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதித்தல் இயலாது எனக் கருதினர். ஆதலின் மருத்துவச் செலவும் இழந்த உழைப்பும் மாத்திரமே அவனுக்குக் கிடைக்கும். தழும்புக்கு ஈடு கிடையாது. பிற்காலத்து ஒல்லாந்தச் சட்டம் உடல் நோவையும் உருக்குலைவையும் சேர்த்தே மதித்தது. அவ்வழி வந்தமையால், செய்த செலவு, இழந்த வருவாய், இனி இழக்கும் வருவாய், பட்ட வேதனை ஆகிய யாவற்றையும் இன்று நம் நீதிமன்றத்திற் கேட்கலாம்.

ஆயினும், காயம்பட்டதனால் மட்டும் நட்டஈடு கிடைத்துவிடாது. அறிவுடைய ஓட்டி ஒருவன் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இந்த ஓட்டி எடுக்கவில்லை என்பதையும், அக்கவனயீனத்தாலேயே ஊறு விளைந்தது என்பதையும் நிறுவுதல் வேண்டும். எவரும் எதிர்பாராத சுழல்காற்றிலே வள்ளம் கவிழ்ந்தால், தவறு செய்யாத ஓட்டியைக் குற்றங்கூறுதல் முறையன்று. கயிறு கட்டாமலும் பலகை போடாமலும் ஆட்களை இறக்குதல் வேறு. பணியாளன் தன் வேலையின்போது செய்த தவற்றுக்கு அவனை அமர்த்திய உரிமையாளரும் பொறுப்பாவார்.

"விளிம்பிலே கை வைத்தது அவருடைய பிழையல்லவா?" என்று நாம் வினவினோம். அதற்கும் சட்டத்தில் விடை உண்டு. காயமுற்றவரிடமும் சிறிது கவனயீனம் இருப்பின், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவரது பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும்; வழக்கு முற்றாக ஒழிந்துவிடாது. வள்ளம் அரசுக்குரியதாயினும் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசின்மீது வழக்கிடலாம். ஆனால் ஒரு மாதம் முன்னதாகச் சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். படகிலே கூலிக்கு வேலைசெய்யும்போது காயமுறுவோருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் துணைநிற்கும். அதன்படி கோருவோர் முதலாளியின் கவனயீனத்தை நிறுவவேண்டியதில்லை.

"பயணிகள் தம் சொந்தப் பொறுப்பிலேயே பயணஞ்செய்வர்" எனச் சீட்டிலோ பலகையிலோ எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மனந்தளர்வோரும் உளர். ஒரு காலத்தில் அவ்வாசகம் வலிமை மிக்கதாகவே இருந்தது. இங்கிலாந்திலிருந்து கொழும்பு வழியாக அவுஸ்திரேலியா சென்றுவந்த "ஹிமாலயா" என்னும் பெருங்கப்பலின் ஏணிப்பாலம் சரிந்ததால், ஆட்லர் என்னும் அம்மையார் துறைமேடையிலே வீழ்ந்து படுகாயமுற்றார். சீட்டிலிருந்த வாசகம் கப்பற் கம்பனியைக் காத்தது. அம்மையார் தளரவில்லை, கப்பற்றலைவர்மீதும் அவருக்குக் கீழிருந்த அலுவலர்மீதும் வழக்கிட்டார். கம்பனியின் சீட்டு இவ்விருவரையும் காவாது என 1954இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பின்னர் கம்பனிகள் தம் பணியாளரையும் காக்கும் வாசகங்களை எழுதத் தொடங்கின. அவற்றுக்கு அக்கப்பலின் பெயரே வழங்கலாயிற்று. இன்றோ நிலை வேறு. நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றிய நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனயீனத்தால் விளையும் சாவுக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை ஓர் அறிவித்தலால் உதறிவிடல் இயலாது.

ஆனால், விபத்தின் பின் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என ஒப்பமிடும் தாள் அத்தகையதன்று. அது இருவர் செய்துகொண்ட இணக்கமாகக் கொள்ளப்படக்கூடும். சின்னம்மாவின் பெருவிரல் பதிந்ததும் அத்தகையதொரு தாளிலேயே.

நம் நாட்டிலே படகேறாது பாடசாலை செல்லவியலாப் பிள்ளைகளும் உளர். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே, பாலவேலை நடந்தமையால் மக்களை ஏற்றியிறக்கிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைச் சிறார் உட்படப் பலர் மாண்டதை நாம் மறத்தலாகாது. ஆகவே வாசகர்கள் சிலவற்றை மனத்திலிருத்துதல் நன்று. விபத்து நேர்ந்தால் தாமதமின்றிப் பொலிசில் முறைப்பாடு பதிவுசெய்க. ஆஸ்பத்திரித் துண்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஒன்றுவிடாது பேணுக. கண்டவர்களின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்க. வள்ளத்தையும் துறையையும் படம்பிடித்து வைக்குக. எத்தாளிலும் படியாது ஒப்பமிடற்க. பொருள் வசதியற்றோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வினைப்பயனை நம்பும் மரபில் வந்தவர் நாம். ஆயின் வினை என்பது செயல். கயிறு கட்டாமல் விட்ட ஓட்டியின் செயலும் வினையே. அதன் பயனை ஏழைத் தையற்காரி ஒருத்தியே சுமக்கவேண்டும் என எந்தச் சாத்திரமும் கூறவில்லை.

காலம் கடந்துவிட்ட செய்தியைச் சொல்லச் சென்றபோது சின்னம்மா இடக்கையால் ஊசியிலே நூல் கோக்கப் பழகிக்கொண்டிருந்தார். கேட்டுச் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "இப்பவெண்டாலும் அந்த வள்ளத்திலை பலகை போடுகினமோ, தம்பி?" என்றார்.

அடுத்த ஞாயிறன்று நாம் துறைக்குச் சென்று பார்த்தோம். பலகை போடப்படவில்லை. எவரும் கேளாதவரை அது போடப்படவும் மாட்டாது.