பூஜை அறைப் படத்துக்கு எந்த ஊர்?

பாட்டி காலத்துப் படம் என்று ஒன்று அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். விளக்குப் புகை ஏறிக் கறுத்துப்போன ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன், அல்லது ஒரு ராமர் பட்டாபிஷேகம். யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டால், "ஆதி நாள்லேர்ந்து இருக்கு" என்பதோடு பதில் முடிந்துவிடும். வீட்டை விற்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோதான் பேச்சு கிளம்புகிறது. "தஞ்சாவூர்ப் படம், லட்சக் கணக்கில் போகும்" என்பார் ஒருவர். "வெறும் காலண்டர் படம்தானே" என்று பரணில் ஏற்றப் பார்ப்பார் இன்னொருவர். இரண்டு பேருமே படத்தைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

முதலில் ஒரு வேண்டுகோள். விவரம் தெரிகிற வரைக்கும் அதைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். ஈரத் துணி, தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். பின்னால் பிய்ந்து தொங்கும் அட்டையும் துருப்பிடித்த ஆணியும்கூட அப்படியே இருக்கட்டும். ஃபிரேம் கடைக்காரர், "புதுசா மாட்டித் தரேம்மா" என்று பழசைக் கழற்றி எறிந்தாரோ, பாதி சாட்சி போயிற்று.

படத்தை ஆணியிலிருந்து இறக்கி, சுவரில் சாய்த்து வையுங்கள். தூக்கும்போதே கை சொல்லிவிடும். நல்ல கனமாக, பலகையாக இருந்தால் அது தஞ்சாவூர்ப் பாணியாக இருக்கலாம். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில், முக்கியமாக இரண்டாம் சரபோஜி (1798–1832) நாளில், செழித்த கலை இது. தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் ராஜு குடும்பங்களும், மதுரையில் நாயுடு குடும்பங்களும் இதில் பேர்போனவர்கள். பலாப் பலகையில் துணியை ஒட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசி, நகை, தூண், மண்டபம் எல்லாவற்றையும் சுண்ணப் பசையால் மேடாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதிப்பார்கள். பெயர்ந்துபோன ஓரம் எங்கேயாவது இருந்தால் அங்கே உற்றுப் பாருங்கள். வண்ணத்துக்கு அடியில் வெள்ளைப் பூச்சு, அதற்கடியில் துணி நூல், அதற்கும் அடியில் மரம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். பிளைவுட் தெரிந்தால் சமீப காலத்துக் கைவேலை. மேடு தடிப்பாக இல்லாமல் மெல்லியதாக, காகிதத்தின் மேல் எழுதினதாக இருந்தால், மைசூர்ப் படமா என்றும் யோசிக்க வேண்டும்.

கண்ணாடிப் படம் என்று ஒரு ரகம் உண்டு. கண்ணாடி போட்ட படம் இல்லை. கண்ணாடியிலேயே, அதுவும் பின்பக்கத்தில், எழுதின படம்! சீனாவிலிருந்து 18-ம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த வித்தை. சாதாரணமாக முகத்தை எழுதிக் கடைசியில் பொட்டு வைப்போம். இங்கே பொட்டும் மூக்குத்தியும் முதலில், முகம் அப்புறம், பின்னணி கடைசியில். வலது இடது மாறிவிடும் என்பதால் அதையும் மனதில் திருப்பிக்கொண்டே எழுத வேண்டும். நினைத்தாலே நமக்குத் தலை சுற்றுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால், கண்ணாடிக்கும் வண்ணத்துக்கும் நடுவில் இடைவெளியே இராது. இந்த ரகத்தில் பின்பக்கம் துடைத்தால் வண்ணமே கையோடு வந்துவிடும், ஜாக்கிரதை.

இனி, பெரும்பாலான வீடுகளில் மனஸ்தாபத்தைக் கிளப்பும் ரவி வர்மா படத்துக்கு வருவோம். கையெழுத்து இருக்கிறதே, அசல்தான் என்று நம்பி, அண்ணன் தம்பி பேசாமல்கூடப் போய்விடுகிறார்கள். ராஜா ரவி வர்மா (1848–1906) 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். 1899-ல் அது லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. பிறகு ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1972-ல் நெருப்பில் அழிந்தது. அங்கிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும்தான் ஊர் ஊராக வீட்டுச் சுவர்களில் ஏறினார்கள். மூலப் படத்தில் இருந்த கையெழுத்து, அச்சிலும் அப்படியே விழுந்துவிடும். எண்ணெய்ச் சித்திரம் மாதிரி தெரிய வார்னிஷ் பூசி, துணி நெசவு போலக் காகிதத்தை அழுத்தியும் விற்றார்கள். ஏமாந்தால் நம்மேல் தப்பில்லை!

இதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். கன்னத்தையோ கையையோ பாருங்கள். தூரிகை இழுப்புக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. புள்ளிகள் கையால் வைத்தது போல ஒழுங்கில்லாமல் இருந்தால் பழைய கல்லச்சு. வரிசை பிசகாமல் சல்லடை மாதிரி இருந்தால் பிற்கால ஆப்செட் மறுபதிப்பு. கீழ் ஓரத்தை ஃபிரேம் மறைத்திருந்தால், அங்கேதான் அச்சகத்தின் பெயர் இருக்கும். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) பெயர் கண்ணில் பட்டால், அது சிவகாசிக் காலண்டர்களைப் புகழடைய வைத்த கை. காலண்டர் என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்.

அச்சுப் படம் என்றதும் தூக்கிப் போடவும் வேண்டாம். அம்மனின் புடவை மேல் நிஜச் சரிகையும் மணியும் ஒட்டி அலங்கரித்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சு ஆயிரம் இருக்கலாம்; அந்தச் சரிகை வேலை உங்கள் வீட்டில் மட்டும்தான்.

பின்பக்கத்துச் சீட்டுக்கு வருவோம். ஃபிரேம் கடை முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால், 1972 ஆகஸ்டுக்குப் பிறகு மாட்டியது. கூட்டல் குறித் தலை ஸ்குரூ இருந்தால் 1930-களுக்கு முந்தியதல்ல. ஒட்டிய செய்தித்தாளின் தேதியும் உதவும். ஆனால் இதெல்லாம் ஃபிரேமின் வயசுதான். படம் அதைவிட மூத்ததாக இருக்கலாம்.

ஆணியும் அட்டையும் சொல்லாததைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், "தாத்தா தஞ்சாவூரில் வாங்கியது" என்று மூன்று தலைமுறையாகப் பேச்சு. எண்பது தாண்டிய அத்தை ஒரு நாள், "யார் சொன்னா? அது எங்க அம்மாவோட சீர்ல வந்தது. மதுரையிலேர்ந்து வைக்கோல் சுத்தி வண்டியில ஏத்தி வந்தாங்களாம்" என்றார். பிள்ளைகள் இத்தனை நாளும் வேறு ஊரில் தேடிக்கொண்டிருந்தார்கள்! பாத்திரம் பண்டத்தோடு சாமி படமும் பெண்ணுடன் புகுந்த வீட்டுக்குப் போகிற வழக்கம் உண்டல்லவா? ஆகவே தாத்தாவின் ஊரை மட்டும் விசாரிக்காமல், பாட்டியின் பிறந்த ஊரையும் விசாரியுங்கள். "எந்த ஊர்ப் படம்?" என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று நினைவு வராது. "நீங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ இது எந்தச் சுவர்ல மாட்டியிருந்தது? யார் பூ வைப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும். அதைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகள், "அம்மா, அந்தப் படத்தை எனக்குக் கொடு" என்கிறாளா? பெட்டியில் வைக்கும் முன் யோசியுங்கள். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்படி நூறு வருஷத்துக்குக் குறையாத சித்திரத்தைத் தனியார் வெளிநாடு கொண்டுபோக முடியாது. பெற்ற மகளுக்கு என்றாலும் சட்டம் ஒன்றுதான். ரவி வர்மாவின் அசல் ஓவியங்களுக்கும் இதே தடை. உங்கள் படம் அவ்வளவு பழசில்லை என்று தோன்றினால், மத்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, "தொல்பொருள் அல்ல" என்று சான்றிதழ் வாங்கியபின் அனுப்பலாம். காட்டப் போகும்போது முன்பக்கம், பின்பக்கம், ஓரம், கையெழுத்து எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்து, அத்தை சொன்னதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாளைப் படத்தின் முதுகில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பசைக்குப் பூச்சி வரும்.