அழுக்கு என்று ஒதுக்கிய ஒளி

1

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1987இலிருந்து கொண்டாடி வருகிறார்கள். ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் கதையை வழக்கம்போல முடித்தார்: ராமன் கப்பலில் போனார், கடல் நீலமாக இருப்பதைப் பார்த்தார், ஏன் என்று யோசித்தார், கண்டுபிடித்தார், நோபல் பரிசு வந்தது.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, கூட வந்திருந்த விவசாய சங்கத்து அண்ணன் கேட்டார்: "ஏன் தம்பி, கடலு அவருக்கு மட்டுமா நீலமா தெரிஞ்சுது? மீன் புடிக்கிறவன் தெனம் பாக்குறான். பாத்தாலே தெரிஞ்சிடும்னா அவன்ல மொதல்ல கண்டுபுடிச்சிருக்கணும்?"

கேலியாகக் கேட்டாலும் அறிவியல் மெய்யியலின் பழைய சிக்கல் ஒன்றின்மேல் அவர் கைவைத்துவிட்டார். தனித்தனி நிகழ்வுகளைப் பார்த்து, திரட்டி, அவற்றிலிருந்து பொது விதிக்குப் போவதைத் தொகுத்தறிதல் என்கிறோம். பி.எட். பாடத்தில் இதற்கு விதிவருமுறை என்று பெயர். நிறையப் பார்த்தால் விதி தானே வரும் என்ற நம்பிக்கை நம் பாடப்புத்தகங்களில் மட்டுமல்ல, அரசு அலுவலகக் கோப்புகளிலும் இருக்கிறது. ராமன் விளைவின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு எதிர்ச்சாட்சி என்பதுதான் நான் சொல்ல வருவது. அங்கே விதி பார்வையின் எண்ணிக்கையால் வரவில்லை. ஐந்து வருஷமாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒன்றை எந்த வகையில் வைப்பது என்ற கேள்வி மாறியதால் வந்தது.

2

கடல் கதையிலிருந்தே தொடங்கலாம். 1921இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் போன ராமன், 'நார்குண்டா' கப்பலில் திரும்பினார். வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது என்பது அன்றைக்கு ராலே சொல்லி எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த விளக்கம். ராமன் கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். இதைத் தளவிளைவு என்பார்கள். பட்டகத்தைத் திருப்பி அந்த ஒளியை மட்டும் அணைத்துவிடலாம். அணைத்துப் பார்த்தார். பிரதிபலிப்பு போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. இன்னும் அழுத்தமான நீலமாக. அப்படியானால் நீலம் நீருக்குள்ளிருந்து வருகிறது.

மீனவரும் ராமனும் பார்த்தது ஒரே கடல்தான். ராமன் கூடுதலாகச் செய்தது, பழைய விளக்கம் தோற்பதற்கு ஒரு வாய்ப்பை உண்டாக்கியது. ஆனால் அவருடைய சொந்த விளக்கமும் முழுசாக நிற்கவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதற்கு அவர் முதன்மை கொடுத்தார். நீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்வதுதான் நீலத்துக்குப் பெரும் காரணம் என்று இன்று அறிகிறோம். ஒரு விளக்கம் தவறு என்று காட்டியதாலேயே இன்னொன்று சரியாகிவிடுவதில்லை.

அதன்பின் கல்கத்தா. பௌபஜாரில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். 1923இல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் தண்ணீரில் ஒளிச்சிதறலைச் சோதித்தார். சோதனை எளியதுதான். இரண்டு நிறக் கண்ணாடிகள். ஒன்று ஊதாவை மட்டும் விடும். மற்றொன்று ஊதாவை மறித்துப் பச்சையை விடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இருட்டு. முதல் கண்ணாடியைச் சூரிய ஒளிக்கு முன்னால் வைத்து, இரண்டாவதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நடுவில் தண்ணீரை வைத்தாலும் இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. மங்கலாக ஒரு ஒளித்தடம் தெரிந்தது. உள்ளே போனபோது இல்லாத நிறம் வெளியே வந்திருந்தது.

பார்வை நடந்துவிட்டது. ஆனால் பார்த்ததற்கு அவர்கள் கொடுத்த பெயர் 'மெலிந்த ஒளிர்தல்'. சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் கக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். தண்ணீரில் அப்படிப்பட்ட ஏதோ அழுக்கு கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். சுத்தப்படுத்தினார்கள். வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வடித்தார்கள். ஒளி போகவில்லை. அடுத்த வருஷங்களில் வேறு சில திரவங்களிலும் அதே ஒளி தலைகாட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வடித்த பிறகு ஒளி மறைந்திருந்தால், 'பார், அழுக்குதான்'. மறையாவிட்டால், 'அழுக்கு இன்னும் போகவில்லை'. எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத விளக்கம் இது. ஒரு விதியை எத்தனை சாட்சியாலும் மெய்ப்பிக்க முடியாது, ஒரே எதிர்ச்சாட்சியால் பொய்ப்பிக்கலாம் என்று 1934இல் கார்ல் பாப்பர் எழுதினார். நடைமுறை அவ்வளவு சுலபமாக இல்லை. எதிர்ச்சாட்சி வந்து நிற்கும்போது அதை அழுக்கு என்று வாசலிலேயே நிறுத்திவிட முடியும். இதைச் செய்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, நேர்மையான, கடுமையாக உழைத்த ஆய்வாளர்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

3

இந்தச் சிக்கலைப் பேச ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் மணிமேகலை சமயக்கணக்கர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டு போகிறாள். கடைசியில் பேசும் பூதவாதி காட்சியை மட்டுமே ஏற்கிறான். கருத்தளவு நிற்காது என்கிறான். கண்டதிலிருந்து காணாததற்குத் தாவ என்ன அதிகாரம் இருக்கிறது என்பதுதான் அவனுடைய மறுப்பின் சாரம். 1739இல் டேவிட் ஹ்யூம் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு, 'இதுவரை அப்படித்தானே நடந்தது' என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அது சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. நம்மை நடத்துவது தர்க்கம் அல்ல, பழக்கம் என்றார்.

29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் அளவையியலில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அவசரமாகத் தாண்டிப் போகிற பகுதி அது. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. மலை, பக்கம். புகை, ஏது. அடுக்களை, திட்டாந்தம். எத்தனை அடுக்களைகளைப் பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்று போதும். கேட்பது வேறு: நெருப்புள்ள இடமாகிய சபக்கத்தில் புகை இருக்கிறதா? நெருப்பில்லாத இடமாகிய விபக்கத்தில், தண்ணீரில், புகை இல்லாமல் இருக்கிறதா? இரண்டாவது கேள்விதான் உயிர். ஏது இரண்டு பக்கமும் கால் வைத்தால் அது அநைகாந்திகம், அதாவது ஒரு முடிவுக்கும் உதவாத போலி. 14 ஏதுப்போலிகளில் 6 இந்த வகை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்குத் திரும்பலாம். 1927 கடைசியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. எக்ஸ் கதிர் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுவதைக் கண்ட காம்ப்டனுக்கு அந்த வருஷம் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அதுபோல ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற எண்ணம் ராமனுக்கு வலுத்தது. அதே சமயம், அரசுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் ஆய்வு செய்துவந்த எஸ். வெங்கடேஸ்வரன், மிகத் தூய கிளிசரினில் சிதறிய ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பளிச்சென்று பச்சையாக இருப்பதையும், அது தளவிளைவு அடைந்திருப்பதையும் கண்டார்.

சாதாரணத் திரவங்களில் ஒளிர்தலுக்குத் தளவிளைவு இருப்பது அபூர்வம். அப்படியென்றால் இது ஒளிர்தல் அல்ல என்று சொல்லிவிடலாமா? முடியாது. கிளிசரின் பாகுபோலக் கெட்டியானது. அதில் மூலக்கூறுகள் சட்டென்று புரள முடியாததால் ஒளிர்தலுக்கும் தளவிளைவு வரலாம். ஏது இரண்டு பக்கமும் கால் வைக்கிறது. அநைகாந்திகம்!

விபக்கத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. 1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கே. எஸ். கிருஷ்ணன் (வத்திராயிருப்பில் பிறந்தவர்) சோதனையில் இறங்கினார். கெட்டித்தன்மை இல்லாத திரவங்களையும் ஆவிகளையும் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் அந்த ஒளி தளவிளைவோடு இருந்தது. பிப்ரவரி 16 தேதியிட்டு ராமனும் கிருஷ்ணனும் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய சிறு குறிப்பில், சுமார் 60 திரவங்களைச் சோதித்ததாகவும் ஒவ்வொன்றிலும் விளைவு தெரிந்ததாகவும் எழுதினார்கள்.

60 என்ற எண்ணைப் பார்த்ததும், 'கடைசியில் எண்ணிக்கைதானே' என்று தோன்றும். அது 'அழுக்கு' என்ற வாதத்துக்குப் போட்ட கிடுக்கிப்பிடி. ஒரு திரவத்தில் அழுக்கு இருக்கலாம். வெவ்வேறு வழியில் தயாரித்து, வெவ்வேறு வழியில் சுத்தம் செய்த 60 திரவங்களிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் அழுக்கு எங்கிருந்து வரும்? ஒரே குளத்துத் தண்ணீரை 60 தடவை பார்த்திருந்தால் அதற்கு இந்த வலு கிடையாது.

பிப்ரவரி 28 அன்று நிறமாலைக்காட்டி வழியாகப் பார்த்தபோது, புதிய ஒளி பழைய ஒளியிலிருந்து இருளால் பிரிந்து தனியாக நின்றது. பிறகு பாதரச விளக்கை வைத்து எடுத்த படங்களில் கூர்மையான கோடுகள் விழுந்தன. ஒளிர்தலின் நிறம் பொருளைப் பொறுத்து ஓரிடத்தில் நிற்கும். இங்கேயோ, உள்ளே அனுப்பும் நிறத்தை மாற்றினால் வெளியே வரும் நிறமும் கூடவே நகர்ந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஆற்றல் இடைவெளி மட்டும் மாறவில்லை. மூலக்கூறு தன் அதிர்வுக்காக எடுத்துக்கொள்ளும் பங்கு அது. ஒவ்வொரு பொருளுக்கும் அது தனி. இதனால்தான் ராமன் நிறமாலையை மூலக்கூறின் கைரேகை என்கிறார்கள். அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மாண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைத் தனியாகக் கண்டார்கள். வேறு ஊர், வேறு பொருள், வேறு கை. இதைவிட நல்ல சபக்கம் கிடையாது.

இன்னொரு கணக்கு. இப்படி நிறம் மாறி வருவது ஏறக்குறைய ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று. பெரும்பான்மையை எண்ணி விதி எழுதுவதாக இருந்தால், 'சிதறும் ஒளி நிறம் மாறாது' என்பதுதான் விதி. மீதி அந்த ஒன்று, பிழை.

4

டீக்கடையில் இவ்வளவும் சொல்லவில்லை. அழுக்குக் கதையை மட்டும் சொன்னேன். அண்ணன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க நெலத்துலயும் இதான் தம்பி நடந்துது" என்றார்.

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமங்களில் தொண்ணூறுகளில் பழுப்பு நிலக்கரிக்காக நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். அங்கங்கே துளை போட்டு, வந்த மண்ணைப் பார்த்து, துளைகளுக்கு இடைப்பட்ட பூமியிலும் கரி இருக்கும் என்று முடிவு செய்தார்கள். இதுவும் தொகுத்தறிதல்தான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கரி இருக்கத்தான் செய்கிறது. சுரங்கம்தான் வரவில்லை. விலை நிர்ணயத்தில் நடந்தது வேறு தொகுத்தறிதல்.

1894ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கை வந்த நாளின் சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும். சந்தை மதிப்பு எப்படித் தெரியும்? அதற்கு முன் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பட்டியல் போடுவார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். இது சின்னத் துண்டு, தள்ளு. இதில் கிணறு இருக்கிறது, தள்ளு. இது ரோட்டோரம். இது வேண்டுமென்றே விலை கூட்டி எழுதினது. தள்ளத்தள்ள மிஞ்சுகிற பத்திரத்தின் விலை, எல்லோருடைய நிலத்துக்கும் விலை. 'மானாவாரிக் காடு, முந்திரிதானே' என்ற பொது விதி முன்பே தயாராக இருக்கிறது. அதற்குப் பொருந்தாத பத்திரமெல்லாம் அழுக்கு. கூடுதல் இழப்பீடு கேட்டு நீதிமன்றத்துக்கு அலைந்தவர்கள் செய்ததெல்லாம், தள்ளுபடியான பத்திரங்களைத் திரும்பவும் மேசைமேல் வைத்ததுதான்.

2013ஆம் வருஷத்துப் புதிய சட்டம் இந்த விதியைத் திருத்தியது. பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியை எடுத்து அதன் சராசரியைப் பார்க்கச் சொல்கிறது. எந்தச் சாட்சியை எண்ணுவது என்பது இயற்கை எழுதிக்கொடுத்த விதி அல்ல, போராடி மாற்றக்கூடிய விதி என்பதற்கு இது அத்தாட்சி. அப்படியும், உண்மை மதிப்பைக் காட்டவில்லை என்று ஆட்சியர் கருதும் விலையைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று ஒரு கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தையும் நிலம் எடுப்பையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒதுக்குவது இரண்டிலும் நடக்கிறது. சாட்சிகளில் எதையுமே ஒதுக்காமல் யாராலும் சிந்திக்க முடியாது. தூசி விழுந்த கண்ணாடியைத் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் ராமநாதன் அழுக்கு என்று சொன்னதோடு நிற்கவில்லை, வடித்துப் பார்த்தார். போகவில்லை என்பதை மறைக்காமல் பதிவு செய்தார். அந்தப் பதிவு இருந்ததால்தான் ஐந்து வருஷம் கழித்துத் திரும்பிப் போக முடிந்தது. ஒதுக்கியதைக் குறித்து வைத்திருக்கிறார்களா, ஒதுக்கிய காரணத்தை யாராவது சோதிக்க முடியுமா, சோதிக்கிற உரிமை ஒதுக்கப்பட்டவருக்கு உண்டா என்ற கேள்விகளில்தான் வித்தியாசம் இருக்கிறது. 'இந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்பவரிடம் ஏறின பிள்ளையைக் காட்டினால், 'அது விதிவிலக்கு' என்பார். அவர் எந்த விபக்கத்தையும் தேடிப் போனவர் அல்ல.

1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கு மட்டும் கிடைத்தது. விளைவுக்கும் அவர் பெயர்தான். கிருஷ்ணன், ராமநாதன், வெங்கடேஸ்வரன், 1907இலிருந்து அந்தக் கூடத்தில் ராமனோடு கருவிகளைக் கையாண்ட ஆசுதோஷ் டே ஆகியோரைப் பள்ளி விழாக் கதையில் காணோம். அங்கேயும் யாரோ பட்டியல் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் தன் வழக்குக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். தள்ளுபடி செய்த பத்திரங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. வரிசை எண், சர்வே எண், விலை, கடைசிப் பத்தியில் தள்ளுபடிக்கான காரணம். "காரணத்த மட்டும் சத்தமா படி தம்பி" என்றார். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.