மெல்லிய பிணைப்பும் வல்லொளியும்

தனிமங்களுட் பெரும்பாலானவை பிறவற்றோடு கூடி வாழும் இயல்புடையவை. ஈலியம், நியான், ஆர்கான் முதலிய மந்த வாயுக்களோ எதனோடும் எளிதிற் கூடுவதில்லை. எனினும் அவையும் முற்றும் துறந்தவை அல்ல. கடுங்குளிரில் ஓர் ஆர்கான் அணு மற்றோர் ஆர்கான் அணுவை மெல்லப் பற்றிக்கொள்கிறது. அணுவிலுள்ள எலெக்ட்ரான்கள் ஓயாது அசைவதால், கணந்தோறும் ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் நிற்கின்றன. அதனால் எழும் ஈர்ப்பே அவ்விரண்டையும் இணைக்கிறது.

இப்பிணைப்பு எத்துணை மெல்லியது! ஆர்கான் இணையைப் பிரிக்க ஏறத்தாழ 0.012 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஆர்கான் அணுவினின்று ஓர் எலெக்ட்ரானைப் பெயர்க்கவோ 15.76 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். நம் அறையின் வெப்பமே இணையைக் குலைத்துவிடும். ஆதலின் அறிஞர் வாயுவை நுண்துளை வழியே வெற்றிடத்துள் பாய்ச்சுவர். வாயு விரிந்து குளிரும்போது இணைகள் தோன்றுகின்றன.

தொட்டாற் சிதையும் இப்பொருளின் நீளத்தை எங்ஙனம் அளப்பது? அறிஞர் கண்ட வழி வியப்புக்குரியது. அவர்கள் அதனைச் சிதைத்தே அளக்கின்றனர்.

இதற்குக் கருவியாவது லேசர் ஒளி. 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஒரு துகள் தாங்குவது 1.55 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. தனித்த ஓர் ஒளித்துகளால் எலெக்ட்ரானைப் பெயர்க்க இயலாது. ஆனால் ஒளி மிக வலியதாயின், அதன் மின்புலம் எலெக்ட்ரானைச் சூழ்ந்த ஈர்ப்பு அரணை ஒருபுறம் தாழ்த்தி மெலிவிக்கிறது. எலெக்ட்ரான் அவ்வரணின்மேல் ஏறாமல், அதனை ஊடுருவி வெளியேறுகிறது. 1964-ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர் கெல்டிஷ் இதற்குரிய கணக்கை வகுத்தளித்தார்.

இணையின் அணுக்கள் இரண்டும் ஒவ்வோர் எலெக்ட்ரானை இழந்தால், இரண்டும் நேர்மின் அயனிகள் ஆகின்றன. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதை நாம் அறிவோம். ஆகவே நட்பாயிருந்தவை பகைத்து எதிரெதிர்த் திசைகளிற் பாய்கின்றன. ஒளித்துடிப்பு நீடிப்பது சில பத்துப் பெம்டோ நொடிகளே. ஒரு நொடியை ஆயிரம் இலட்சங்கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒன்றே பெம்டோ நொடி. அதற்குள் கனத்த அணுக்கள் பெரிதும் நகர்வதில்லை. எனவே அயனிகள் பெறும் ஆற்றல், அவை முன்பு நின்ற தொலைவைக் காட்டிக்கொடுக்கிறது. அணுக்கள் நெருங்கி நின்றிருந்தால் ஆற்றல் மிகும்; விலகி நின்றிருந்தால் குறையும். ஆர்கான் இணையில் அத்தொலைவு ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடிக் கூறாக்கியதில் ஒரு கூறு.

இம்முறை ஒரு பழைய ஐயத்தையும் தீர்த்தது. இரண்டிரண்டாய்ச் சேர அரிதின் முயலும் துகள்கள், மூன்றாய்க் கூடும்போது மிக அகன்று பரந்த கூட்டாக நிலைக்கலாம் என 1970-இல் எபிமோவ் என்னும் அறிஞர் கணித்துரைத்தார். அத்தகைய ஈலிய முக்கூட்டினை செருமனியின் பிராங்க்பர்ட்டுப் பல்கலைக்கழக அறிஞர் லேசரால் அயனிகளாக்கிச் சிதறச்செய்து, 2015-இல் மெய்ப்பித்துக் காட்டினர்.

மிக மெல்லிய பிணைப்பை அறிய மிக வலிய ஒளி வேண்டியதாயிற்று. சிதறிய துணுக்குகளும், பொறுமையோடு கணக்கிடுவார்க்கு உண்மையை உரைக்கின்றன.