நீல அட்டைக்காக நடக்கும் கால்கள்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் ரயிலில் மத்தூர் தாண்டி மண்டியாவை நெருங்கும்போது இரு பக்கமும் நெல் வயல்கள் விரிகின்றன. கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து விசுவேசுவரய்யா கால்வாய் வழியாக வரும் காவிரித் தண்ணீரின் புண்ணியம் இது. கதிர் வெளிவரும் பருவத்தில் சில வயல்களில் நாலைந்து பேர் வரிசையாக, மெதுவாக நடந்து போவதைக் காணலாம். அவ்வப்போது ஒருவர் குனிந்து, நன்றாக வளர்ந்து நிற்கும் நெற்பயிரையே வேரோடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொள்வார். களை பறிப்பதென்றால் புரியும். கதிர் வந்த பயிரைப் பிடுங்குவானேன் என்று ஜன்னலோரப் பயணிக்குத் தோன்றும்.

அந்த வயலில் நிற்பது விதை நெல். பிடுங்கப்படுவது 'கலவன்', அதாவது வேறு ரகத்துப் பயிர். கன்னடத்தில் இதைப் 'பெரக்கெ' என்கிறார்கள். விதைச் சான்று அதிகாரி வயலுக்கு வருமுன் கலவன் போயாக வேண்டும். இல்லாவிட்டால் வயல் தள்ளுபடியாகிவிடும். தள்ளுபடியான வயலின் நெல் விதை விலைக்குப் போகாது. சாதாரண நெல்லாக மண்டிக்குத்தான் போகும். கூடுதலாகச் செய்த செலவும் உழைப்பும் வீண்.

மூன்று நிற அட்டைகள்

நம் நாட்டில் விதைச் சட்டம் 1966ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகும் வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை. அதிலிருந்து பெருக்கும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. ஆதார விதையிலிருந்து பெருக்கி விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு நீல அட்டை. மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அந்த நீல அட்டையைத்தான் விவசாயி பார்த்து வாங்குகிறார். வேறு எதைப் பார்ப்பது? ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, அதில் எத்தனை ரகம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது பழுத்த அனுபவசாலிக்கும் கடினம். முளைத்து, வளர்ந்து, கதிர் விட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் ஒரு போகமே போய்விடும்.

கணக்குப் பார்த்தால் விபரீதம் விளங்கும். ஒரு ஏக்கர் விதைப் பயிரில் 20 குவிண்டால் கிடைப்பதாகவும், நடவுக்கு ஏக்கருக்கு 25 கிலோ விதை என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஒரு ஏக்கர் விதை 80 ஏக்கருக்குப் போகிறது. ஒருவர் வயலில் விட்ட கலவன் 80 ஏக்கரில் தலைகாட்டும். சில செடி முன்னால் முற்றி உதிரும். சில செடி பின்னால் பூத்துப் பச்சையாக நிற்கும். மைசூர்ப் பக்கம் பயிராகும் ஜோதி ரகத்தின் அரிசி சிவப்பு. அது வெள்ளை அரிசி ரகத்தோடு கலந்துவிட்டால் ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். நாம் மாதச் சம்பளத்தில் வாங்கும் வெள்ளை அரிசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு மணி கிடந்தால், அது ஏதோ ஒரு வயலில் தொடங்கிய கலப்பாகவும் இருக்கலாம்.

ஏர் பூட்டும் முன்பே

அதிகாரி வருகிறார் என்ற செய்தி கிடைத்த பிறகு வயலைத் தயார் செய்வது என்பது நடக்காத காரியம். தயாரிப்பு ஏர் பூட்டும் முன்பே தொடங்கிவிடுகிறது. சென்ற போகத்தில் அதே வயலில் வேறு ரகம் போட்டிருந்தால், உதிர்ந்த மணிகள் மண்ணில் கிடக்கும். முதலில் தண்ணீர் பாய்ச்சி அவற்றை முளைக்கவிட்டு, பிறகு உழுது சேற்றில் அமுக்கிவிட வேண்டும். விதை வாங்கிய ரசீது, மூட்டை, அட்டை மூன்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எந்த ஆதார விதையிலிருந்து இந்தப் பயிர் வந்தது என்பதற்கு அவையே சாட்சி.

நடவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நாற்று போதாமல் வயலின் ஒரு மூலை காலியாக நின்றால், பக்கத்து வயலில் மிஞ்சிய நாற்றை நாலு முடி வாங்கி நட்டுவிடுவது கிராமத்து வழக்கம். சாப்பாட்டு நெல்லுக்கு அது குற்றமில்லை. விதை நெல்லுக்கு அது விஷம். காலியான இடம் காலியாகவே இருக்கட்டும் என்று விடும் மனம் வேண்டும். வரிசையாக நட்டு, இடையிடையே ஓர் ஆள் நடக்க வழிவிட்டால்தான் பின்னால் ஒவ்வொரு குத்தையும் கண்ணால் பார்க்க முடியும்.

அடுத்தது விலகு தூரம். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகவே வேறு ரக வயலுக்கும் விதை வயலுக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால் போதும். சூரியகாந்தி போன்ற பயிருக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேண்டும். ஆனால் துண்டு துண்டான நிலங்களில் இந்த 3 மீட்டரே பெரிய வழக்காகிவிடுகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன ரகம் நடுகிறார் என்பதை நடவுக்கு முன்பே கேட்டு, முடிந்தால் அவரையும் அதே ரகத்தின் தூய விதையை நடச் சொல்வது புத்திசாலித்தனம். பயிர் நின்ற பிறகு வரப்பில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை.

மூன்று முறை நடை

கலவன் பிடுங்குவது ஒரு நாள் வேலை அல்ல. தூர் கட்டும் பருவத்தில் உயரத்தையும், இலையின் நிறத்தையும், தண்டின் அடி நிறத்தையும் பார்த்து ஒருமுறை. பூக்கும் பருவத்தில் முன்னே பூத்தது, பின்னே பூப்பது, கதிரில் மீசை உள்ளது என்று பார்த்து ஒருமுறை. அறுவடைக்கு முன் மணியின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து ஒருமுறை. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நடந்தால் வித்தியாசம் எளிதில் கண்ணில் படும். பிடுங்கியதை வரப்பில் போடக் கூடாது. வயலை விட்டே கொண்டுபோய்விட வேண்டும். காட்டு நெல்லானால் மணி சீக்கிரம் உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும் என்பதால் இன்னும் முந்த வேண்டும்.

20க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஏக்கரில் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் குத்துகள். அத்தனையையும் மூன்று முறை பார்ப்பதென்றால் கூலி ஏறுகிறது. மூன்றாவது நடையை விட்டுவிடலாமே என்று கைக்கணக்கு சொல்லும். அங்கேதான் பல வயல்கள் கெடுகின்றன.

ஐயாயிரம் கதிரில் பத்து

நெல்லுக்கு, பூக்கும் பருவத்திலிருந்து அறுவடை வரை குறைந்தது இரண்டு முறை வயலாய்வு உண்டு. 5 ஏக்கர் வரையுள்ள வயலில் 5 இடங்களில், இடத்துக்கு 1000 கதிர் வீதம் 5000 கதிர்களை அதிகாரி எண்ணிப் பார்க்கிறார். சான்று விதைக்குக் கலவன் 0.20 சதவிகிதம் வரை அனுமதி. அதாவது 5000 கதிரில் 10. காட்டு நெல்லுக்கு 0.02 சதவிகிதம், 5000க்கு ஒன்றே ஒன்று. ஆதார விதைக்கு இதைவிடக் கடுமை. முதல் எண்ணிக்கையில் வரம்பு சற்று மீறினால் இரண்டாவது முறை எண்ணிச் சராசரி பார்ப்பார்கள். வரம்பைப் போல் இரு மடங்குக்கு மேல் போனால் அதுவும் இல்லை.

லட்சக்கணக்கான கதிர்களில் அவர் எண்ணுவது ஐயாயிரம். டிக்கெட் பரிசோதகர் ரயில் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட முடியாது. டிக்கெட் வாங்குபவர்களின் நேர்மையில்தான் ரயில் ஓடுகிறது. விதையும் அப்படித்தான். எண்ணாமல் விட்ட கதிர்களுக்கு வயல்காரரின் மனச்சாட்சியே சான்று.

வயல் தேறினாலும் வேலை முடிவதில்லை. வேறு ரகத்தை அறுத்துவிட்டு வரும் அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் அந்த நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே விதை வயலில் இறக்க வேண்டும். களமும் சாக்கும் அப்படியே. பழைய சாக்கானால் உள்பக்கத்தை வெளியே திருப்பி உதற வேண்டும். பின்னர் சுத்திகரிப்பு, ஆய்வுக்கூடச் சோதனை. புறத்தூய்மை 98 சதவிகிதம், முளைப்புத் திறன் 80 சதவிகிதம் குறையாமலும், சாதாரண சாக்கில் வைக்கும் விதைக்கு ஈரம் 13 சதவிகிதம் மிகாமலும் இருந்தால்தான் நீல அட்டை. அதற்கும் ஆயுள் சோதனை நாளிலிருந்து 9 மாதம். மறுபடி சோதித்துத் தேறினால் நீட்டிக்கலாம்.

ஊரில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்துக்கொண்டு இங்கே சம்பளத்துக்கு இருப்பவர்கள் நம்மில் பலர். இந்த அளவுகோல்கள் கர்நாடகத்துக்கு மட்டுமல்ல, இந்தியா முழுமைக்கும் ஒன்றே. தமிழ்நாட்டிலும் விதைச் சான்றுக்கென்று தனித் துறை இருக்கிறது. அடுத்த போகத்துக்கு ஊருக்குக் கடிதம் எழுதும்போது மூன்று விஷயம் எழுதுங்கள். விதை வாங்கினால் அட்டையில் ரகம், குவியல் எண், காலக்கெடு மூன்றையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அறுவடை முடியும்வரை அட்டையையும் ரசீதையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். விதைப் பயிர் செய்ய எண்ணமிருந்தால், மூன்றாவது நடைக்கான கூலியை முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.